நினிவே முதல் இஸ்தான்புல் வரை: தூதர் லேயார்டின் வாழ்வும் பணியும்

தூது என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. கிளியையும் நாரையையும் மேகத்தையும் தூது விடுத்த இலக்கிய மரபு நம்முடையது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஒளவையார் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றின் வழி அறிகிறோம். வள்ளுவப் பெருந்தகையோ பொருட்பாலில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தனக்கே கேடு நேரினும் தன் அரசனுக்கு ஆக்கம் தேடித் தருபவனே தூதன் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த முடிபாகும்.

ஆயின், இங்கே ஒரு வினா எழுகின்றது. தூதன் தன் அரசனுக்கு உண்மையாய் இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவன் எந்த நாட்டிற்கு அனுப்பப்படுகின்றானோ, எந்த மக்களின் உப்பை உண்டு, மொழியைக் கற்று, நட்பைப் பெறுகின்றானோ, அவர்களுக்கு அவன் பட்ட கடன் யாது?

இவ்வினாவை வைத்துக்கொண்டு பார்ப்பதற்குத் தக்கதொரு வாழ்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயத் தூதர் சர் ஆஸ்டின் ஹென்றி லேயார்டின் வாழ்வாகும். புதைந்து கிடந்த அசீரிய நகரங்களை அகழ்ந்தெடுத்தவர் என்ற அளவில் வரலாற்று மாணவர் அவரை அறிவர். உதுமானியப் பேரரசின் இக்கட்டான நாள்களில் சுல்தானின் அரசவையில் ஆங்கிலேயத் தூதராய் இருந்தவர் அவர் என்பதையோ, அவருடைய நெடும்பயணம் இலங்கையை நோக்கித் தொடங்கியது என்பதையோ பலர் அறியார். அவற்றையும் சேர்த்தே இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் இலங்கைத் தொடர்பும்

லேயார்டு 1817-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர், மத ஒடுக்குமுறைக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய புராட்டஸ்டண்டு மரபினர். தந்தையார் ஹென்றி பீட்டர் ஜான் லேயார்டு இலங்கைக் குடிமைப் பணியில் இருந்தவர். உடல்நலம் கருதி அவர் ஐரோப்பா திரும்பி இத்தாலியில் வாழ்ந்தமையால், லேயார்டின் இளம்பருவம் பெரிதும் பிளாரன்சு நகரில் கழிந்தது. ஓவியக் கூடங்களும் பழைய அரண்மனைகளுமே அவருக்கு முதற்பள்ளிகளாயின. 'ஆயிரத்தொரு இரவுகள்' என்னும் அரபுக் கதைத் தொகுதியை அவர் சிறுவயதிலேயே ஆர்வத்தோடு படித்தார். கிழக்கு நாடுகளைக் காணும் வேட்கையைத் தமக்குள் விதைத்தது அந்நூலே என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

இலங்கையோடு லேயார்டு குடும்பத்தின் தொடர்பு ஆழமானது. அக்குடும்பத்தைச் சேர்ந்த சர் சார்லசு பீட்டர் லேயார்டு 1866-இல் கொழும்பு மாநகரின் முதல் மேயரானார். கொழும்பிலுள்ள 'லேயர்ட்ஸ் பிராட்வே' என்னும் சாலை இன்றும் அக்குடும்பப் பெயரைத் தாங்கியுள்ளது. நம் கதைத்தலைவரின் இளவலாகிய எட்கர் லியோபோல்டு லேயார்டு இலங்கையில் பணியாற்றிக்கொண்டே அத்தீவின் பறவைகளை ஆராய்ந்து புகழ்பெற்றார். இலங்கைக்கே உரிய பச்சைக்கிளி இனம் ஒன்றும், இலங்கையில் வாழும் அணில் இனம் ஒன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன.

லேயார்டும் அவ்வழியே செல்ல வேண்டியவர்தாம். இலண்டனில் தம் மாமனாகிய வழக்குரைஞர் ஒருவரின் அலுவலகத்தில் ஏறத்தாழ ஆறாண்டுகள் எழுத்துப்பணி பார்த்துச் சலித்த அவர், இலங்கை சென்று வழக்குரைஞராகத் தொழில் நடத்த முடிவு செய்தார். எட்வர்டு மிட்ஃபோர்டு என்னும் நண்பரும் அப்போது இலங்கைக்குப் புறப்படவிருந்தார். கடற்பயணம் மிட்ஃபோர்டின் உடலுக்கு ஒவ்வாது. ஆகவே இருவரும் நிலவழியாகவே இலங்கை செல்லத் துணிந்து, 1839-ஆம் ஆண்டு சூலையில் இலண்டனை விட்டுப் புறப்பட்டனர்.

துருக்கி, சிரியா, எருசலேம் வழியாகச் சென்ற பயணத்தில் லேயார்டு மட்டும் தனித்துப் பாலை நிலத்துப் பெட்ரா நகரைக் காணச் சென்று, வழிப்பறிக்கு ஆளாகி, உடைமைகளை இழந்து மீண்டார். 1840 ஏப்பிரலில் இருவரும் மோசுல் நகரை அடைந்தனர். தைகிரிசு ஆற்றங்கரையில் புல் மூடிய பெரிய மேடுகளை லேயார்டு முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்னும் வினா அவர் நெஞ்சில் அன்றே வேரூன்றிவிட்டது. பின்னர்ப் பாரசீகத்தின் ஹமதான் நகரில் நண்பர்கள் பிரிந்தனர். மிட்ஃபோர்டு இலங்கை நோக்கி நடந்தார். லேயார்டோ பாரசீக மலைநாட்டுக்குள் திரும்பினார். அப்பயணத்தில் அவர் இலங்கையை அடையவே இல்லை.

பக்தியாரி மலைமக்களிடையே

பாரசீகத்தின் தென்மேற்கு மலைகளில் வாழ்பவர் பக்தியாரி என்னும் இனத்தார். அவர்களுடைய பெருந்தலைவராக அன்று விளங்கியவர் முகம்மது தகீ கான். அவருடைய கோட்டையை லேயார்டு அடைந்தபோது, தலைவரின் இளமகன் கடுங்காய்ச்சலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தான். தம்மிடமிருந்த கொயினா மருந்தை லேயார்டு கொடுத்தார். பிள்ளை பிழைத்தது. அன்று முதல் அந்த வீட்டில் அவர் விருந்தினர் அல்லர், உறவினர். பக்தியாரி உடை உடுத்து, அவர்கள் மொழி பேசி, அவர்களோடு குதிரையேறி மலைமலையாய்த் திரிந்தார்.

அந்த நாள்களிலேயே அவர் ஒரு துயரையும் கண்கூடாகக் கண்டார். பாரசீக அரசின் ஆளுநர் தகீ கானின் செல்வாக்கைப் பொறுக்கமாட்டாமல் படையெடுத்து வந்தார். தமக்குத் தீங்கு நேராது என்ற உறுதிமொழியை நம்பித் தலைவர் சரணடைந்தார். உறுதிமொழி காற்றில் விடப்பட்டது, தலைவர் விலங்கிடப்பட்டார். அக்குடும்பம் சிதறுண்டது. அரசியலில் கொடுத்த வாக்கு முறியும்போது ஒரு வீடும் ஒரு குலமும் எவ்வாறு நிலைகுலைகின்றன என்பதை இருபத்துநான்கு வயதில் லேயார்டு அருகிலிருந்து பார்த்தார். இந்நிகழ்ச்சிகளையெல்லாம் அவர் 1887-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட பயணநூலில் உருக்கத்தோடு எழுதியுள்ளார்.

தூதரகத்தின் வாயிலில்

1842-இல் துருக்கிக்கும் பாரசீகத்திற்கும் எல்லைத் தகராறு முற்றியிருந்தது. அவ்வெல்லைப்புற நிலத்தையும் மக்களையும் நேரில் அறிந்த ஐரோப்பியர் மிகச் சிலரே. பாக்தாதிலிருந்த ஆங்கிலேயப் பேராளர் சில கடிதங்களைக் கொடுத்து, லேயார்டைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு, அனுப்பி வைத்தார். அங்கு ஆங்கிலேயத் தூதராய் வீற்றிருந்தவர் சர் ஸ்டிராட்ஃபோர்டு கானிங். பின்னாளில் ஸ்டிராட்ஃபோர்டு பிரபு எனப் பெயர் பெற்று, சுல்தானின் அவையில் பேரளவு செல்வாக்குச் செலுத்தியவர் அவர்.

லேயார்டின் அறிவைக் கானிங் உடனே மதிப்பிட்டுக்கொண்டார். பதவிப் பெயர் எதுவுமின்றியே அவரைத் தம்மிடம் அமர்த்தி, செர்பியா முதலிய பகுதிகளுக்கு அனுப்பிச் செய்தி திரட்டச் செய்தார். பட்டமும் பரிந்துரையும் இன்றி, தாம் கற்ற மொழிகளையும் கண்ட நாடுகளையும் மட்டுமே முதலாகக் கொண்டு ஓர் இளைஞர் தூதரகத்துக்குள் நுழைந்தார் என்பது மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மோசுல் மேடுகளை லேயார்டு மறக்கவில்லை. அவருடைய இடைவிடாத வேண்டுகோளுக்கு இணங்கி, 1845-இல் கானிங் தம் சொந்தப் பணத்திலிருந்து 60 பவுன் கொடுத்தார். உலக வரலாற்றின் ஓர் இழந்த இயலை மீட்ட அகழ்வாய்வு, இந்த 60 பவுனில்தான் தொடங்கிற்று.

நிம்ரூது மேடும் நினிவே நகரும்

1845 நவம்பரில், மோசுலுக்குத் தெற்கேயுள்ள நிம்ரூது மேட்டில், அரபு உழவர் அறுவரைக் கொண்டு லேயார்டு தோண்டத் தொடங்கினார். முதல் நாளிலேயே கல்வெட்டுகள் பொறித்த பலகைக் கற்கள் வெளிப்பட்டன. மோசுலின் ஆளுநர் அப்பணியை விரும்பவில்லை. மேட்டில் முசுலிம்களின் அடக்கத்தலங்கள் உள்ளன என்று காரணம் காட்டித் தடை விதித்தார். அங்கே அத்தகைய கற்களை முன்னர்க் காணாத லேயார்டு வியந்தார். ஆளுநர் கட்டளைப்படி, தொலைவிலுள்ள ஊர்களின் கபுறுக் கற்களை இரவோடிரவாகப் பெயர்த்து வந்து அங்கு நட்ட உண்மையைப் படைத்தலைவர் ஒருவரே அவரிடம் கூறிவிட்டார். பொய்க் கபுறுகளை உண்டாக்க உண்மைக் கபுறுகள் பாழாயின! சில நாள்களில் அவ்வாளுநர் பதவியிழந்தார்.

1846 பிப்ரவரியில் மண்ணிலிருந்து ஒரு மாபெரும் மனிதத் தலை மேலெழுந்தது. சிறகும் விலங்குடலும் மனித முகமும் கொண்ட காவற்சிலை அது. தொழிலாளர் திகைத்தனர். நிம்ரூது மன்னனே வெளிப்பட்டான் என்ற செய்தி மோசுல் நகரெங்கும் பரவிற்று. கபுறைக் கிளறுவது தகுமா என்று காசியும் முப்தியும் வினவினர். ஊரார் மனம் புண்படாதிருக்கச் சிலகாலம் பணியை நிறுத்தி வைக்குமாறு புதிய ஆளுநர் கேட்டுக்கொண்டார். லேயார்டு இணங்கினார். ஊரின் உணர்வை மதித்து ஒதுங்கி நிற்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அசீரிய வேந்தன் மூன்றாம் சல்மனேசரின் வெற்றிகளைக் கூறும் கருங்கல் தூண் அவ்வாண்டே கிடைத்தது. பிரித்தானிய அருங்காட்சியகம் 2,000 பவுன் ஒதுக்கிற்று. அரும்பொருள்களை எடுத்துச் செல்ல உதுமானிய அரசின் இசைவாணையைக் கானிங் பெற்றுத் தந்தார். 1847-இல் பெருஞ்சிலைகளை வண்டியிலேற்றி முந்நூறு பேர் கயிறு பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்தனர். காற்றடைத்த தோற்பைகளின் மேல் மரச்சட்டம் பரப்பிய 'கெலெக்' என்னும் தெப்பங்களில் அவை தைகிரிசு வழியே பசுரா சென்றன. அங்கிருந்து கப்பலேறிய பொருள்களில் ஒரு பகுதி பம்பாய்த் துறைமுகம் வழியாகவே இலண்டனை அடைந்தது.

அரபுக் குலத்தலைவர் ஒருவர் அப்போது கூறியதாக லேயார்டு எழுதும் செய்தி குறிப்பிடத்தக்கது. எங்கள் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு இம்மேட்டின் மேல் கூடாரம் அடித்து வாழ்கிறோம். அடியில் அரண்மனை இருப்பதை எவரும் அறியோம். எங்கிருந்தோ வந்த நீர் ஒரு கோலால் கோடு கிழித்து இங்கே வாயில், அங்கே மண்டபம் என்கிறீர். நாங்கள் அறியாததை நீர் எவ்வாறு அறிந்தீர் என்பது அவர் கேட்டதன் சாரம். கல்விக்கும் கல்லாமைக்கும் இடையே விழுந்த இடைவெளி, ஒரு நாட்டின் முதுசொத்தை எவ்வாறு கைமாறச் செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிம்ரூது மேடே நினிவே என லேயார்டு முதலில் கருதினார். அது 'கல்ஹு' என்னும் வேறொரு தலைநகர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உண்மையான நினிவே, மோசுலுக்கு எதிர்க்கரையில் குயுஞ்சிக்கு, நபி யூனுசு என்னும் இரு மேடுகளின் கீழ் இருந்தது. நபி யூனுசு (அலை) அவர்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் இரண்டாவது மேட்டின் மேல் அமைந்திருந்தது. 1849 முதல் 1851 வரை குயுஞ்சிக்கு மேட்டில் தோண்டிய லேயார்டு, சென்னகெரிபு வேந்தனின் அரண்மனையில் 71 அறைகளையும், ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள புடைப்புச் சிற்பங்களையும் வெளிக்கொணர்ந்தார். ஓர் அறையில் ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் குவியலாய்க் கிடைத்தன. அசுர்பனிபால் மன்னனின் நூலகம் என உலகம் போற்றும் 30,000-க்கு மேற்பட்ட பலகைகளும் துண்டுகளும் அடங்கிய தொகுதியின் முதற்பகுதி அதுவே. பெருவெள்ளம் பற்றிய பழங்கதையை 1872-இல் ஜார்ஜு ஸ்மித்து படித்தறிந்தது அத்தொகுதியிலிருந்தேயாம்.

இப்பணிகளில் லேயார்டின் வலக்கையாய் விளங்கியவர், மோசுலிலேயே பிறந்த ஹொர்முசுது ரஸ்ஸாம் என்னும் கிறித்தவ இளைஞர். 1853-இல் அசுர்பனிபாலின் அரண்மனையைக் கண்டுபிடித்தவர் அவரே. ஆயினும் அவர் ஐரோப்பியர் அல்லர் என்பதால் அவர் புகழ் குன்றச் செய்யப்பட்டது. 1893-இல் அவர்மீது கூறப்பட்ட அவதூறு நீதிமன்றம் வரை சென்றபோது, முதிய லேயார்டு தம் பழைய துணைவரின் பக்கம் நின்றார். இது அவருடைய நற்பண்புகளுள் ஒன்று.

பாராளுமன்றமும் பதவிகளும்

1849-இல் வெளிவந்த 'நினிவேயும் அதன் எச்சங்களும்' என்னும் நூலால் லேயார்டு ஒரே நாளில் புகழின் உச்சிக்குச் சென்றார். அவ்வாண்டே கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் ஊதியம் பெறும் அலுவலரானார். 1852-இல் வெளியுறவுத் துறையின் துணைச்செயலராகச் சில வாரம் பணியாற்றிப் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

கிரிமியப் போர்க்களத்தை 1854-இல் நேரில் கண்ட அவர், படைவீரர் பட்ட துன்பத்திற்குக் காரணம் பிரபுக்குலத்தார் தகுதியின்றிப் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டமையே என்று அவையில் முழங்கினார். தகுந்த இடத்தில் தகுந்த மனிதர் என்னும் வழக்கு ஆங்கில அரசியலில் பரவியதற்கு அவரது பேச்சே காரணம் என்பர். இதனால் மேலிடத்தாரின் பகையையும் தேடிக்கொண்டார்.

1857-இல் தேர்தலில் தோல்வியுற்ற அவர், இந்தியாவில் அவ்வாண்டு மூண்ட பெருங்கிளர்ச்சியின் காரணங்களை அறிய இங்கு வந்தார். கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றைக் கொண்டு 1858-இல் இலண்டன் திரும்பி, ஆங்கிலேய ஆட்சியாளரின் தவறுகளை மேடையேறிக் கண்டித்தார். பழிவாங்கும் வெறி மிகுந்திருந்த அந்நாளில் அதற்குத் துணிவு வேண்டும். பின்னர் 1861 முதல் 1866 வரை மீண்டும் வெளியுறவுத் துணைச்செயலராகவும், 1868-இல் பொதுப்பணித் தலைமை ஆணையராகவும் இருந்தார். 1869-இல் ஸ்பெயின் நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். மன்னராட்சி, குடியரசு, மீண்டும் மன்னராட்சி என அந்நாடு கொந்தளித்த எட்டாண்டுகளை மாட்ரிடு நகரில் கழித்தார்.

சுல்தானின் அவையில்

1877 ஏப்பிரலில் தலைமை அமைச்சர் டிசுரேலி லேயார்டைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தூதராக அனுப்பினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கடிதப் பையோடு வந்த இளைஞர், கானிங் வீற்றிருந்த அதே இருக்கையில் அமர்ந்தார். அவர் வந்த சில நாள்களிலேயே, ஏப்பிரல் 24-ஆம் நாள், உருசியா துருக்கியின்மீது போர் தொடுத்தது.

அரியணையில் இருந்தவர் இரண்டாம் அப்துல் ஹமீது. 1876-இல் பட்டமேறிய அவருக்கு வயது முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை. உதுமானிய நாட்டையும் மக்களையும் நேரில் அறிந்த தூதர் வந்தது அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. இருவரும் அடிக்கடி தனித்துக் கலந்துரையாடினர். பிளெவ்னா நகரில் உசுமான் பாஷா ஏறத்தாழ ஐந்து திங்கள் எதிர்த்து நின்று டிசம்பரில் வீழ்ந்தார். பால்கன் நாட்டு முசுலிம்கள் ஆயிரமாயிரமாய் வீடிழந்து தலைநகருக்குள் வந்து குவிந்தனர். பல்கேரியக் கிறித்தவர் பட்ட துன்பத்தையே ஐரோப்பா பேசிக்கொண்டிருந்த அக்காலத்தில், இவ்வகதிகளின் துயரை லேயார்டு தம் அரசுக்கும் நாட்டுக்கும் எடுத்தெழுதினார். இங்கிலாந்தில் துருக்கியருக்கென நிவாரண நிதி திரட்டப்பட்டது. லேயார்டின் துணைவியார் ஏனிடு அம்மையார் அகதிகளுக்கும் புண்பட்டோருக்கும் உதவுவதில் முன்னின்றார். அதே காலத்தில் இந்திய முசுலிம்களும் ஊர்தோறும் நிதி திரட்டித் துருக்கிக்கு அனுப்பினர் என்பதை நம் பெரியோர் அறிவர்.

1878 மார்ச்சு 3-ஆம் நாள் சான் ஸ்டெபானோ உடன்படிக்கையில் துருக்கி கையொப்பமிட நேர்ந்தது. உருசியாவின் வெற்றி இங்கிலாந்தை அச்சுறுத்தியது. இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 7,000 படைவீரர் மால்ட்டாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்து நிகழ்ந்ததே நம் வினாவின் மையம்.

கிழக்கு மத்தியதரைக் கடலில் தனக்கொரு தளம் வேண்டுமென்று இங்கிலாந்து முடிவு செய்தது. சைப்பிரசுத் தீவைப் பெறுமாறு லேயார்டுக்கு மறைவான ஆணை வந்தது. ஆசியப் பகுதியில் உருசியா மேலும் முன்னேறினால் இங்கிலாந்து படைகொண்டு காக்கும். ஈடாகச் சுல்தான் சைப்பிரசை இங்கிலாந்தின் ஆட்சியில் விட வேண்டும். கிறித்தவக் குடிகளின் நலனுக்கான சீர்திருத்தங்களையும் செய்ய வேண்டும். சிந்திக்கத் தரப்பட்ட காலமோ மிகக் குறுகியது. தலைநகரின் வாயிலில் உருசியப் படை நிற்கையில் வேறு வழியேது? லேயார்டின் மீதிருந்த நம்பிக்கையும் துணைசெய்ய, 1878 சூன் 4-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தயங்கிய சுல்தானை நெருக்கி இறுதி ஆணையையும் சூலையில் பெற்றவர் லேயார்டே. அவருக்கு உயரிய விருதளித்து விக்டோரியா அரசியார் பாராட்டினார். தீவில் இறங்கிய படையில் மால்ட்டாவிலிருந்து வந்த இந்திய வீரரும் இருந்தனர்.

1571 முதல் உதுமானியர் கையிலிருந்த தீவு இவ்வாறு போருமின்றித் தோல்வியுமின்றி நண்பர் கைக்கு மாறிற்று. சுல்தானின் பெயரளவு உரிமையும் 1914-இல் இங்கிலாந்து தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது மறைந்தது. சைப்பிரசு 1960-இல் விடுதலை பெற்ற பின்னரும் அங்கே இரு படைத்தளங்களை இங்கிலாந்து தன் உடைமையாக வைத்துக்கொண்டது.

அரும்பொருள் துறையிலும் இந்நட்பு பயன்பட்டது. தூதரின் செல்வாக்கால் ரஸ்ஸாமுக்கு மெசபொத்தேமியாவில் அகழ்ந்தெடுக்கும் விரிந்த இசைவு கிடைத்தது. பலாவாத்து வெண்கலக் கதவுகளும், 1879-இல் பாபிலோனில் கிடைத்த சைரசு மன்னனின் களிமண் உருளையும் இலண்டன் சேர்ந்தது அவ்வாறேயாம். 1884-இல்தான் அரும்பொருள்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதைத் தடுக்கும் கடுமையான சட்டத்தை உதுமானிய அரசு இயற்றியது.

முறிந்த நட்பு

வாக்களித்த சீர்திருத்தங்கள் தாமதமாயின. லேயார்டு நெருக்கினார், சுல்தான் ஐயுற்றார். பழைய நட்பு கசந்தது. 1880-இல் இங்கிலாந்தில் தேர்தல் நிகழ்ந்து, துருக்கிக்கு எதிரான கிளாட்ஸ்டன் ஆட்சிக்கு வந்தார். லேயார்டு திரும்ப அழைக்கப்பட்டார். அவ்வாண்டில் அவர் தம் அரசுக்கு எழுதியிருந்த மந்தண அறிக்கை ஒன்று பின்னர் அச்சில் வெளியிடப்பட்டது. சுல்தானின் குணக்குறைகளை அதில் அவர் கடுமையாகக் கூறியிருந்தார். தம்மோடு உணவருந்தி நட்பு பாராட்டியவர் தம்மைப் பற்றி எழுதியதை அப்துல் ஹமீது அறிய நேர்ந்தது. நம்பிக்கைத் துரோகம் என்றே அவர் கருதினார். லேயார்டுக்கும் அதன்பின் எந்தத் தூதுப் பதவியும் வழங்கப்படவில்லை. எந்த அரசுக்காகத் தம் நட்பை விலையாக்கினாரோ, அந்த அரசே அவரைக் கைவிட்டது.

எஞ்சிய நாள்களை அவர் வெனிசு நகரில், கால்வாய்க் கரையிலிருந்த தம் மாளிகையில், ஓவிய ஆராய்ச்சியிலும் நூல் எழுதுவதிலும் கழித்தார். 1894 சூலை 5-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அவர் திரட்டிய ஓவியங்கள் பின்னர் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தைச் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற இரண்டாம் முகம்மது சுல்தானின் 1480-ஆம் ஆண்டு உருவப்படம். அச்சுல்தானின் வழித்தோன்றலிடமிருந்து ஒரு தீவைப் பெற்றுத் தந்தவரின் வீட்டுச் சுவரில் அது நெடுங்காலம் தொங்கியது.

நாம் பெறும் படிப்பினை

லேயார்டை எவ்வாறு மதிப்பிடுவது? கொள்ளைக்காரர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. அரசாணை பெற்றே அவர் எடுத்துச் சென்றார். நபி யூனுசு (அலை) பெயர் தாங்கிய பள்ளிவாசல் 2014 சூலையில் வன்முறைக் கூட்டத்தாரால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதையும், 2015-இல் நிம்ரூது அரண்மனைச் சிற்பங்கள் நொறுக்கப்பட்டதையும் உலகம் கண்டது. இலண்டனில் இருந்தவை தப்பின என்று கூறுவோர் உளர். மறுப்பதற்கில்லை. ஆயினும், மோசுலின் பிள்ளைகள் தம் முன்னோரின் நூலகத்தைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டியுள்ளதே என்னும் குறையும் மெய்யே. அரசாணை தந்த ஆட்சிக்கும், அம்மேட்டின் மேல் வாழ்ந்த மக்களுக்கும் இடையே இருந்த தொலைவை நாம் மறத்தலாகாது.

வெறும் வஞ்சகர் என்பதும் பொருந்தாது. பக்தியாரிப் பிள்ளைக்கு மருந்து கொடுத்த கையும், அகதிகளின் துயரை எழுதிய கையும், 1857-க்குப் பின் இந்தியருக்காகப் பேசிய நாவும் அவருடையவை. அவர் அன்பு பொய்யன்று. அந்த அன்பும் நாட்டின் ஆதாயமும் எதிரெதிரே நின்ற வேளையில் ஆதாயத்தின் பக்கம் சாய்ந்தார் என்பதே உண்மை. தூதரின் பதவி அவ்வாறு சாயச் செய்வது. ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகலாம்: தூதன் தன் அரசனுக்கு நன்மை தேடட்டும், ஆனால் பிறருடைய நம்பிக்கை அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் செலவழித்துப் பெறும் ஆதாயம், பெற்றவர்க்கும் நிலைப்பதில்லை.

மாணவர்க்கு இன்னொன்றும் உண்டு. உதுமானியர்க்கு அன்று இல்லாதிருந்தது வீரமன்று. தம் மண்ணுக்கடியில் இருப்பதைப் படித்தறியும் கல்வியும், எதிரே அமர்ந்திருக்கும் நண்பரின் நாட்டு நலனை எடைபோடும் அரசியல் அறிவுமே குறைவாயிருந்தன. பலகைக் கற்களின் மேல் கூடாரமடித்து வாழ்ந்தும் அவற்றைப் படிக்கத் தெரியாதிருந்தது ஒரு குலத்தலைவரின் குறை மட்டுமன்று. நம் ஊர்களிலும் பழைய கல்வெட்டுகளும், ஓலைச்சுவடிகளும், அரபுத்தமிழ் ஏடுகளும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க ஒருவர் வருவார். அவர் நம் பிள்ளையாக இருப்பாரா, அயலாராக இருப்பாரா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நாமே.